நுண்துளை டைட்டானியாவுக்குள் எலக்ட்ரான் எப்படி வழி கண்டுபிடிக்கிறது?

சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்று. அதன் ஒரு பக்கத்தில் மட்டும் மின்சாரம் கடத்தும் மெல்லிய பூச்சு இருக்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது, மல்டிமீட்டரை வைத்தால்தான் எந்தப் பக்கம் என்று புரியும். அந்தப் பக்கத்தில் டைட்டானியம் டை ஆக்சைடு (சுருக்கமாக டைட்டானியா) பசையைக் கண்ணாடிக் குச்சியால் இழுத்துப் பரப்பி, 450 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சுடுகிறார்கள். சூடு ஏற ஏற, பசையில் கலந்திருந்த பிசின் கருகிப் படலம் பழுப்பாகும். இன்னும் கொஞ்ச நேரத்தில் பிசின் முழுக்க எரிந்துபோய், படலம் மறுபடி வெளுத்துவிடும். பிசின் இருந்த இடமெல்லாம் இப்போது வெற்றிடம். மிச்சம் இருப்பது 20 நானோ மீட்டர் அளவுள்ள துகள்கள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, தொட்ட இடத்தில் லேசாக ஒட்டிப் பிணைந்துகொண்டு. படலத்தின் கன அளவில் பாதிக்கு மேல் வெறும் துளை.

இதைச் சாயத்தில் ஊறவைத்து, துளைகளில் அயோடைடு கலந்த திரவத்தை நிரப்பி, மேலே இன்னொரு கண்ணாடியை வைத்து மூடினால் சோலார் செல் தயார். பள்ளிச் செய்முறையாகச் செய்பவர்கள் ருத்தேனியம் என்ற உலோகம் சேர்ந்த வழக்கமான சாயத்துக்குப் பதிலாகச் செம்பருத்திச் சாற்றிலோ நாவல் பழச் சாற்றிலோ ஊறவைத்தாலும் கொஞ்சம் மின்சாரம் வரும்.

சிலிக்கன் செல்லைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது நடக்கவே கூடாத விஷயமாகத் தோன்றும். சிலிக்கனை அவ்வளவு சுத்தமாக, ஒரே படிகமாக வளர்க்கச் செலவழிப்பதே, எலக்ட்ரான் வழியில் எங்கும் மாட்டிக்கொள்ளாமல் வெளியே வர வேண்டும் என்பதற்காகத்தான். இங்கே இருப்பது பொடிக் குவியல். துகளுக்குத் துகள் இடைவெளி, குறைகள் நிறைந்த மேற்பரப்பு, போதாததற்கு எல்லாப் பக்கமும் திரவம். ஆனால் 1991-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பிரையன் ஓ'ரீகனும் மைக்கேல் கிரெட்செலும் 10 மைக்ரோ மீட்டர் தடிமனுள்ள இப்படி ஒரு படலத்தை வைத்து 7 சதவீதத்துக்கு மேல் திறன் காட்டினார்கள். சிதறிய பகல் வெளிச்சத்தில் அது 12 சதவீதம்.

அந்தப் படலத்துக்குள் எலக்ட்ரான் மிக மிக மெதுவாகப் போகிறது. அப்படியிருந்தும் நல்ல செல்லில் கிட்டத்தட்ட எல்லா எலக்ட்ரானும் கண்ணாடிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. இந்த இரண்டும் எப்படி ஒத்துப்போகின்றன என்று புரிந்துவிட்டால், இந்தத் துறையில் முப்பது வருடமாக என்ன நடந்தது என்பதும் புரிந்துவிடும்.

துளைகள் எதற்கு?

டைட்டானியம் டை ஆக்சைடு நமக்குத் தெரிந்த பொருள்தான். சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ட், வெயிலுக்குப் பூசும் சன்ஸ்கிரீன் இரண்டிலும் இருக்கிறது. வெள்ளையாக இருக்கிறது என்றாலே கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது விழுங்குவதில்லை என்று அர்த்தம். புறஊதாக் கதிரை மட்டும்தான் அது எடுத்துக்கொள்ளும். அதனால் ஒளியைப் பிடிக்கிற வேலை சாயத்துக்கு, எலக்ட்ரானை வாங்கிக் கொண்டுபோகிற வேலை ஆக்சைடுக்கு.

சாயத்தைத் தடிமனாகப் பூசிவிட்டால் போதாதா? போதாது. ஆக்சைடை நேராகத் தொட்டுக்கொண்டிருக்கும் மூலக்கூறுதான் எலக்ட்ரானைச் சரியாகக் கொடுக்க முடியும். அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் இரண்டாவது அடுக்கால் பெரிதாகப் பயன் இல்லை. ஒரே ஒரு அடுக்கு சாயம் தட்டையான பரப்பில் இருந்தால், விழுகிற ஒளியில் மிகச் சிறு பங்கைத்தான் பிடிக்கும். ஆகவே பரப்பைப் பெருக்க வேண்டும். 1991-ன் படலத்தில் உள் மேற்பரப்பு, வெளியே தெரியும் பரப்பைப்போல் சுமார் 780 மடங்கு. ஒரு சதுர சென்டிமீட்டர் கண்ணாடியின் மேல், ஏ4 தாளின் ஒரு பக்கத்தை விடப் பெரிய பரப்பு மடங்கி உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. துளையெல்லாம் திரவம் என்பதால், துகளுக்குள் எலக்ட்ரான் எங்கே நின்றாலும் பத்து நானோ மீட்டருக்குள் திரவம் இருக்கிறது. அந்தத் திரவத்தில் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளத் தயாராக டிரை அயோடைடு அயனிகள் (மூன்று அயோடின் அணுக்கள் சேர்ந்தவை) இருக்கின்றன. எலக்ட்ரான் பயணம் முழுவதும் இந்த ஆபத்தின் ஓரத்திலேயே நடக்கிறது.

தள்ளுவதற்கு ஆள் இல்லை

ஒளி பட்டதும் சாயத்திலிருந்து எலக்ட்ரான் ஆக்சைடுக்குத் தாவுவது ஃபெம்டோ வினாடியிலிருந்து பிக்கோ வினாடிக்குள் முடிந்துவிடும். ஒரு பிக்கோ வினாடி என்பது ஒரு வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. எலக்ட்ரானை இழந்த சாயம், பக்கத்தில் இருக்கும் அயோடைடிடமிருந்து இன்னொன்றை மைக்ரோ வினாடிகளில் வாங்கிக்கொள்ளும். இதுவரை எல்லாம் வேகம். இனிமேல்தான் மெதுவான பகுதி.

சிலிக்கன் செல்லில் இரண்டு வகை சிலிக்கன் சேரும் இடத்தில் ஒரு மின்புலம் இருக்கும். அங்கே வந்த எலக்ட்ரானை அது ஒரு பக்கமாக இழுத்துவிடும். டைட்டானியா படலத்தில் அப்படி ஒன்று கிடையாது. 20 நானோ மீட்டர் துகள், தனக்குள் சொல்லிக்கொள்ளும்படியான மின்புலத்தை வைத்திருக்க முடியாத அளவுக்குச் சிறியது. அதையும் மீறி ஏதாவது மின்னூட்டம் சேர்ந்தால், சுற்றியுள்ள திரவத்தின் அயனிகள் உடனே வந்து சூழ்ந்து அதை ஈடுகட்டிவிடும். ஆக, எலக்ட்ரானை இந்தப் பக்கம் போ என்று தள்ள எந்த விசையும் இல்லை.

அப்புறம் எப்படிக் கண்ணாடியை அடைகிறது? வெறும் விரவல். ஒவ்வொரு எலக்ட்ரானும் வெப்ப ஆற்றலால் மேலே, கீழே, பக்கவாட்டில் என்று திசையில்லாமல் தாவிக்கொண்டே இருக்கிறது. கண்ணாடிப் பூச்சைத் தொட்டவை மட்டும் வெளிச்சுற்றுக்குப் போய்விடுகின்றன, திரும்பி வருவதில்லை. அதனால் கண்ணாடிக்கு அருகில் எலக்ட்ரான் அடர்த்தி எப்போதும் குறைவு, தள்ளிப் போகப் போக அதிகம். ஒரு தனி எலக்ட்ரானுக்குக் கண்ணாடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று எந்தத் துப்பும் கிடையாது. ஆனாலும் கூட்டமாகப் பார்த்தால், அடர்த்தி குறைந்த பக்கத்தை நோக்கி ஓட்டம் உண்டாகிவிடுகிறது.

இதில் எவ்வளவு தாவல் வேண்டும் என்று காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். 10 மைக்ரோ மீட்டர் படலத்தில் 20 நானோ மீட்டர் துகள்கள் என்றால், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 500 துகள். நேர்கோட்டில் போனால் 500 தாவல் போதும். திசையில்லாமல் போகும்போது தேவையான தாவல் தூரத்தின் வர்க்கமாக உயரும்: 500 × 500, அதாவது இரண்டரை லட்சம். கண்ணாடிக்குப் பக்கத்திலேயே பிறந்த எலக்ட்ரானுக்கு இவ்வளவு வேண்டாம், தூரத்தில் பிறந்ததற்கு இந்த அளவு ஆகும்.

இரண்டரை லட்சம் பெரிய எண்ணாகத் தெரிந்தாலும், அது மட்டுமே மெதுவுக்குக் காரணம் ஆகாது. அனட்டேஸ் என்ற வகை டைட்டானியாவை ஒரே படிகமாக வளர்த்து அளந்தால், எலக்ட்ரான் எவ்வளவு வேகமாக விரவுகிறது என்று காட்டும் விரவல் கெழு வினாடிக்குச் சுமார் அரை சதுர சென்டிமீட்டர் வருகிறது. அந்த வேகத்தில் 10 மைக்ரோ மீட்டரைக் கடக்க இரண்டு மைக்ரோ வினாடி போதும். நுண்துளைப் படலத்தில் அளந்தால், நல்ல வெயில் அளவு வெளிச்சத்திலேயே மில்லி வினாடிகள் ஆகின்றன, பத்து மில்லி வினாடி வரைகூட. ஆயிரக்கணக்கான மடங்கு தாமதம். வெளிச்சத்தை மங்கலாக்கிவிட்டால் வினாடிக் கணக்கிலேயே ஆகும். வளைந்து வளைந்து போகும் பாதை இதில் கொஞ்சத்தை விளக்கும். மீதியெல்லாம் எங்கே போயிற்று?

பொறிகள்

டைட்டானியா படிகத்துக்குள் ஒவ்வொரு டைட்டானியம் அணுவைச் சுற்றியும் ஆறு ஆக்சிஜன் இருக்க வேண்டும். மேற்பரப்பில் படிகம் திடீரென்று முடிந்துவிடுவதால் அங்கே சில அணுக்களுக்கு ஆக்சிஜன் குறைகிறது. அப்படிக் குறையுள்ள இடத்துக்கு வரும் எலக்ட்ரான், தான் தாராளமாகத் திரியக்கூடிய கடத்துப் பட்டையிலிருந்து கீழே இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிடும். இதைத்தான் பொறி என்கிறார்கள். அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தில் ஆர்தர் ஃபிராங்கின் குழு, துகள் அளவை மாற்றி மாற்றி அளந்து, பொறிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கின்றன என்று காட்டியது. பரப்பை 780 மடங்கு பெருக்கும்போது பொறிகளும் கூடவே பெருகிவிடுகின்றன என்று இதற்குப் பொருள்.

பொறியில் விழுந்த எலக்ட்ரானைக் கண்ணாலேயே பார்க்கலாம். டைட்டானியா துகள்களை ஆல்கஹாலில் கலக்கி, காற்று போகாமல் மூடி, புறஊதா விளக்கின் கீழ் வைத்தால், கொஞ்ச நேரத்தில் கலங்கல் நீலமாக மாறும். புறஊதா ஒளி எலக்ட்ரானைக் கிளப்பும்போது அது விட்டுப்போகும் காலி இடங்களை (நேர்மின் துளைகள் என்பார்கள், படலத்தின் துளைகள் அல்ல) ஆல்கஹால் வாங்கிக்கொள்வதால், தனித்துவிடப்பட்ட எலக்ட்ரான்கள் துகளுக்குள் சேர்கின்றன. பொறியில் உட்கார்ந்த அந்த எலக்ட்ரான்கள் சிவப்புப் பக்க ஒளியை விழுங்குவதால்தான் நீலம். மூடியைத் திறந்து காற்றை விட்டதும் ஆக்சிஜன் எலக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொள்ளும், நீலம் மறைந்து பழைய வெள்ளை வந்துவிடும். சூத்திரங்களை விட இந்த நிற மாற்றம்தான் பொறிகளின் மேல் நம்பிக்கை தரும் என்பது என் கருத்து.

பொறியில் விழுந்த எலக்ட்ரான் அப்படியே சாகாது. வெப்பத்தால் ஒரு நேரம் மேலே ஏறி வந்துவிடும். எவ்வளவு நேரம் என்பது ஆழத்தைப் பொறுத்தது, இங்கே கணக்கு ரொம்பக் கடுமை: அறை வெப்பநிலையில் ஒவ்வொரு 0.06 எலக்ட்ரான் வோல்ட் (எலக்ட்ரானின் ஆற்றலை அளக்கும் அலகு) கூடுதல் ஆழத்துக்கும் காத்திருக்கும் நேரம் பத்து மடங்காகும். 0.3 எலக்ட்ரான் வோல்ட் கூடுதல் ஆழம் என்றால் லட்சம் மடங்கு. ஆழம் குறைந்த பொறிகள் ஏராளம், ஆழமானவை அடுக்கடுக்காகக் குறைந்துகொண்டே போகும். எந்த ஒரு நொடியில் பார்த்தாலும் படலத்தில் உள்ள எலக்ட்ரான்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பொறிகளில் உட்கார்ந்திருக்கின்றன. நகர்வது மிச்சம் உள்ள கொஞ்சம்தான். விழுவது, ஏறுவது, சிறிது தூரம் ஓடுவது, மறுபடி விழுவது என்றே பயணம் முழுவதும் கழிகிறது.

வெளிச்சம் அதிகமானால் பயணம் ஏன் வேகமாகிறது என்பதும் இதிலிருந்தே புரியும். குண்டும் குழியுமான மண் சாலையில் மழை பெய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் வரும் தண்ணீர் முழுக்க ஆழமான குழிகளுக்கே போய்விடும், சாலையில் ஓட்டமே இருக்காது. குழிகள் நிரம்பிய பிறகு வரும் தண்ணீர் நிற்க இடமில்லாமல் மேலாக ஓடும். மங்கலான வெளிச்சத்தில் இருக்கிற சில எலக்ட்ரான்கள் ஆழமான பொறிகளில் முடங்கிவிடுகின்றன. வெளிச்சம் கூடும்போது ஆழமானவை ஏற்கனவே நிரம்பியிருக்கும், புதிதாக வருபவை ஆழம் குறைந்த பொறிகளில் மட்டும் தங்கித் தங்கி விரைவாகக் கடந்துவிடுகின்றன. ஒரே படலம், ஒரே துகள்கள், ஆனால் விரவல் கெழு மட்டும் வெளிச்சத்தோடு ஏறுகிறது.

இதை அளந்த விதம் அழகானது. செல்லின் மேல் நிலையான வெளிச்சத்தை விழவைத்து, அதன் மேல் மிகச் சின்ன ஏற்ற இறக்கத்தைச் சேர்ப்பார்கள். வெளிச்சம் ஏறி இறங்கினால் மின்னோட்டமும் ஏறி இறங்க வேண்டும். ஆனால் எலக்ட்ரான் வந்து சேர நேரமாவதால் மின்னோட்டம் கொஞ்சம் பின்தங்கும். ஏற்ற இறக்கத்தை வேகமாக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்கு மேல் எலக்ட்ரான்களால் ஈடுகொடுக்க முடியாமல் மின்னோட்டத்தில் அலையே தெரியாமல் போய்விடும். அந்தக் கட்டம் எந்த அதிர்வெண்ணில் வருகிறது என்று பார்த்தாலே பயண நேரம் கிடைத்துவிடும். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் பீட்டரின் குழு இந்த முறையை நன்றாக வளர்த்தது. பொறிகளில் தங்கித் தங்கிப் போகும் திசையற்ற நடை இந்த அளவீடுகளைத் தரும் என்று 1999-ல் இயற்பியலாளர் ஜென்னி நெல்சன் கணக்கிட்டுக் காட்டினார்.

இன்னொரு கடிகாரம்

சரி, இவ்வளவு மெதுவாகப் போகும் எலக்ட்ரான் ஏன் வழியில் தொலைந்துபோவதில்லை? ஏனென்றால் அதைப் பிடிக்க வேண்டிய டிரை அயோடைடு அதைவிட மெதுவாக வேலை செய்கிறது.

எலக்ட்ரான் திரவத்துக்குள் திரும்பிப் போய்விடுவதை மறுஇணைப்பு என்பார்கள். அதற்கு ஆகும் சராசரி நேரமே எலக்ட்ரானின் ஆயுள். நல்ல அயோடைடு செல்லில் இந்த ஆயுள் பயண நேரத்தைப்போல் பல மடங்கு. பத்து மில்லி வினாடியில் போய்ச் சேர வேண்டிய எலக்ட்ரானுக்கு நூறு மில்லி வினாடி ஆயுள் இருந்தால் கவலை எதற்கு? செல்லின் இரு முனைகளையும் எதோடும் இணைக்காமல் வெளிச்சத்தில் வைத்து, சட்டென்று வெளிச்சத்தை அணைத்து, மின்னழுத்தம் விழுவதைப் பார்த்தே இந்த ஆயுளைக் கணக்கிடலாம். ஆய்வாளர்கள் ஆரியே ஸபானும் ஹுவான் பிஸ்கெர்ட்டும் 2003-ல் இதைத் தெளிவான அளவீட்டு முறையாக்கினார்கள். வெளியே போக வழியில்லாத எலக்ட்ரான்கள் திரவத்துக்குள்தான் போக வேண்டும், அவை எவ்வளவு தயங்குகின்றன என்று வளைகோடே சொல்லிவிடும். மின்னழுத்தம் முழுக்க இறங்க வினாடிகள் ஆகும்.

அயோடைடுக்கு இந்தத் தயக்கம் எப்படி வந்தது? ஒரு டிரை அயோடைடு முழுதாக அயோடைடாக மாற இரண்டு எலக்ட்ரான் வேண்டும். அந்த வேதிவினை பல படிகளாக நடக்கிறது, டைட்டானியா மேற்பரப்பில் அது எளிதாக நடப்பதில்லை. ஒரே எலக்ட்ரானை வாங்கிச் சட்டென்று மாறிக்கொள்ளும் ஃபெரோசின் போன்ற பொருளைத் திரவத்தில் போட்டால் கதை தலைகீழ். எலக்ட்ரான்கள் வழியிலேயே பிடிபட்டுவிடும், மேற்பரப்புக்குக் காப்பு எதுவும் போடாவிட்டால் செல் ஏறக்குறைய வேலையே செய்யாது. படலம் அதே படலம், விரவலும் அதே விரவல். மாறியது பிடிக்கும் ஆள் மட்டும். பிறகு கோபால்ட் சேர்மங்களை வைத்து 2011-ல் 12 சதவீதத்தைத் தாண்டியபோதும், பருத்த கிளைகளுள்ள சாய மூலக்கூறுகளால் கோபால்ட்டை மேற்பரப்புக்கு அருகில் வரவிடாமல் தள்ளி நிறுத்த வேண்டியிருந்தது.

பயண நேரத்தையும் ஆயுளையும் சேர்த்துப் பார்க்கும் அளவுக்கு விரவல் நீளம் என்று பெயர். தொலைந்துபோவதற்குள் எலக்ட்ரான் சராசரியாக எவ்வளவு தூரம் போகும் என்பதே அது. விரவல் கெழுவை ஆயுளால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும். இது படலத் தடிமனை விட நன்றாகப் பெரிதாக இருந்தால் போதும்.

புதிதாகப் படிப்பவர்கள் இங்கே ஒரு சந்தேகம் கேட்பார்கள், கேட்க வேண்டும். மங்கலான வெளிச்சத்தில் எலக்ட்ரான் மெதுவாகிறது என்றால், மேகமூட்டமான நாளில் பெரும்பாலானவை தொலைந்துபோக வேண்டுமே? போவதில்லை. பொறியில் உட்கார்ந்திருக்கும் எலக்ட்ரான் கண்ணாடியை நோக்கி நகர்வதில்லை என்பது உண்மை, அதேபோல் அது எளிதில் பிடிபடுவதும் இல்லை. பயணத்தைத் தாமதப்படுத்தும் அதே பொறி இழப்பையும் தாமதப்படுத்துகிறது. வெளிச்சம் குறையும்போது விரவல் கெழு இறங்கும், ஆயுள் ஏறும், பெருக்கல் ஏறக்குறைய அப்படியே இருக்கும். இந்த செல்கள் அறை வெளிச்சத்திலும் சிதறிய வெளிச்சத்திலும் நன்றாக வேலை செய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஸ்டாக்ஹோமின் எக்ஸெகர் நிறுவனம் ஹெட்போன் பட்டைகளில் இவ்வகை செல்லை வைப்பதும் அதனால்தான் முடிகிறது. மங்கலான வெளிச்சத்தில் பார்க்க வேண்டிய வேறு ஓட்டை ஒன்று உண்டு: துளை வழியாகத் திரவம் கண்ணாடிப் பூச்சையே தொடுகிற இடம். அங்கே எலக்ட்ரான் வந்து சேர்ந்த பிறகும் கசிந்துவிடலாம். அதனால் பூச்சின் மேல் முதலில் துளையில்லாத மெல்லிய டைட்டானியா அடுக்கு ஒன்றைப் போட்டுவிடுவார்கள்.

வேகத்தைத் தேடிப் போனவர்கள்

பொடிக் குவியலில் தட்டுத் தடுமாறுவதுதான் பிரச்சினை என்றால், நேரான பாதை போட்டுக் கொடுக்கலாமே என்று பலருக்கும் தோன்றியது. 2005-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் பெய்டாங் யாங்கின் குழு, கண்ணாடியிலிருந்து செங்குத்தாக வளர்ந்த ஜிங்க் ஆக்சைடு நானோ கம்பிகளை வைத்து செல் செய்தது. எலக்ட்ரான் ஓட்டம் நன்றாகவே இருந்தது. ஆனால் கம்பிகளின் மொத்தப் பரப்பு குறைவு, சாயமும் குறைவு. திறன் 1.5 சதவீதத்தில் நின்றது.

அடுத்து டைட்டானியா நானோ குழாய்கள். 2007-ல் ஃபிராங்கின் குழு குழாய்ப் படலத்தையும் துகள் படலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது. நேரான குழாயில் பயணம் வேகமாகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பயண நேரம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. பாதை நேரானாலும் பொறிகள் போகவில்லையே! மாறியது இழப்புதான்: குழாய்களில் மறுஇணைப்பு பத்து மடங்கு மெதுவாக நடந்தது. வேகத்துக்காகச் செய்த மாற்றம் வேறு வழியில் பலன் தந்தது. இந்த ஆய்வுக்குக் கிடைத்ததை விட அதிகக் கவனம் கிடைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

துகள் படலத்திலேயே கவனிக்க வேண்டியது துளையின் அளவு. துளை அதிகமானால் திரவம் சுலபமாகப் போகும், ஆனால் ஒவ்வொரு துகளையும் தொடும் அண்டைத் துகள்கள் குறையும். கணினியில் அடுக்கிப் பார்த்தபோது, பாதி காலியான படலத்தில் முட்டுச்சந்தாக முடியும் துகள்கள் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. 80 சதவீதம் காலி என்றால் அது மூன்றில் ஒரு பங்கை நெருங்கிவிடுகிறது. முட்டுச்சந்துக்குள் போன எலக்ட்ரான் வந்த வழியே திரும்ப வேண்டும்.

கடைசியாக 2012. அதற்கு மூன்று வருடம் முன்பு ஜப்பானில் சுடோமு மியாசகாவின் குழு, சாயத்துக்குப் பதில் ஒளியை விழுங்கும் பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளை நுண்துளை டைட்டானியாவின் மேல் வைத்து 3.8 சதவீதத் திறன் எடுத்திருந்தது. 2012-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹென்றி ஸ்னெய்த்தின் குழு, மியாசகாவோடு சேர்ந்து, டைட்டானியாவை எடுத்துவிட்டு அதே போன்ற நுண்துளை அமைப்பில் அலுமினாவை வைத்தது. அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு, மின்கடத்தாப் பொருள். எலக்ட்ரான் அதற்குள் நுழையவே முடியாது. செல் செத்துப்போக வேண்டும். நடந்ததோ, திறன் 10.9 சதவீதம், மின்னூட்டங்கள் டைட்டானியா இருந்தபோது வந்ததை விட வேகமாக வெளியே வந்தன. எலக்ட்ரான்கள் பெரோவ்ஸ்கைட் வழியாகவே கண்ணாடிப் பக்கம் போய்ச் சேர்ந்தன. அலுமினா வெறும் தாங்கியாக நின்றது. டைட்டானியாவின் பொறிகள் எவ்வளவு தாமதம் தந்தன என்பதற்கு இதைவிட நேரான சான்று இருக்க முடியாது.

அதற்காக நுண்துளை டைட்டானியா ஒழிந்துவிடவில்லை. பல பெரோவ்ஸ்கைட் செல்களில் இன்றும் இருக்கிறது, ஆனால் 10 மைக்ரோ மீட்டராக இல்லாமல் 200 நானோ மீட்டர் அளவில். பெரோவ்ஸ்கைட் ஒளியை மிக நன்றாக விழுங்குவதால் அவ்வளவு பரப்பு தேவையில்லை. தூரம் 50 மடங்கு குறைந்தால், வர்க்கக் கணக்கின்படி விரவல் நேரம் 2,500 மடங்கு குறையும். மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும், பத்து மில்லி வினாடி எடுத்த பயணம் நான்கு மைக்ரோ வினாடியில் முடிந்துவிடும்.